மூலையாத்து மாமியின் புளியங்கொட்டை

எங்கள் தெருவில் தங்கம் வைத்திருப்பவர்கள் அதைக் கில்ட்டு என்பார்கள். கில்ட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தங்கம் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் கோட்டைக்குள் வந்த புதிதில் எனக்கு இந்த நியாயம் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம், "வளை புதுசா மாமி?" என்று வாயைக் கொடுத்தேன். அவள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, "வெறுதே கில்ட்டாக்கும் கொழந்தை. சாலைக் கடையிலே கிடந்தது" என்றாள். ஐயோ பாவம் என்று நான் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கில்ட்டுன்னா சொன்னா? அப்போ தங்கம்தான்" என்றாள். அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாம் கண் பட்டுவிடும் என்ற பயம்தான். இருப்பதை இல்லை என்று சொன்னால் அடக்கம். இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் மானம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தெரு சௌக்கியமாகவே ஓடிக்கொண்டிருந்தது. யார் என்ன சொன்னாலும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் புரிந்துகொண்டால் போதும், கணக்குச் சரியாக வந்துவிடும். உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒரு ஜன்மம் நடுவில் வந்து குடியிருந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை.

அந்த ஜன்மம்தான் மூலையாத்து மாமி. அவளுக்குப் பெயர் இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, ஆகவே இங்கேயும் வேண்டாம். தெருவின் கோடியில், குளத்துக்குத் திரும்புகிற மூலையில் வீடு. மாமா ஏதோ ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. காலையில் குடையோடு போவார், சாயங்காலம் அதே குடையோடு வருவார், நடுவில் என்ன செய்தார் என்று குடைக்குத்தான் தெரியும். ஒரே பெண், அம்மிணி.

மாமிக்கு நகைப் பைத்தியம். எங்கள் தெருவில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் மற்றவர்களுக்குப் போட்டுக்கொள்ளும் பைத்தியம். மாமிக்குச் செய்யும் பைத்தியம். மாமாவின் சம்பளத்தில் தங்கம் வாங்குவது நடக்காது என்று கல்யாணமான முதல் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். அதற்காக மற்றப் பெண்களைப் போல மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. "கழுத்துன்னு ஒண்ணை பகவான் குடுத்திருக்கார். அதை வெறுமனே விடப்படாது அல்லோ?" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய வேதாந்தம்.

கண்ணில் பட்டது எதுவும் அவளிடமிருந்து தப்பாது. சோடாப் புட்டி உடைந்தால் நாங்கள் துடைப்பம் தேடுவோம். மாமி முறத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். அந்தப் பச்சைக் கண்ணாடியை அம்மிக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பதக்கத்துக்குக் கல் பண்ணுவாள். சிவப்புக் கல் வேண்டுமென்றால் மஞ்சாடி மரத்தடியில் பொறுக்கிய விதை. பழைய புடவை ஜரிகையைத் தேங்காய்ச் சிரட்டை வளையத்தில் சுற்றினால் வளை. காசுமாலைக்கு, கடிதங்களுக்கு முத்திரை வைக்கிற அரக்கை உருக்கி, அதன்மேல் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு ஒன்றை அழுத்தி எடுப்பாள்; காசு அச்சாக விழும். மேலே ஒட்ட, நவராத்திரிக் கொலுவுக்கு வாங்குகிற காக்காய்ப்பொன் தகடு. ஒட்டுவதற்கு வில்வப் பழத்துப் பிசின். அதற்கும் மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஒரு பூச்சு. அந்த மஞ்சளைப் பார்த்தால் தட்டானே ஒரு நிமிஷம் தடுமாறுவான்.

இத்தனையிலும் அவளுடைய மகா காவியம் புளியங்கொட்டை மாலை. கொட்டையை ஊறவைத்து, ஒரே அளவாக இழைத்து, ஓரத்தில் சூட்டூசியால் துளை போட்டு, பொன்தகட்டைச் சுற்றி, இரட்டை வடமாகக் கோத்திருந்தாள். ஒரு குறைதான் இருந்தது, கனம் போதவில்லை. "லேசா இருந்தா மாலை கழுத்திலே படியாது, தொங்கிண்டு நிக்கும்" என்று பல நாள் புலம்பினாள். கடைசியில் விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவருகிற கூடைக்காரியைக் குளக்கரையில் நிறுத்தி, வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கிவந்தாள். மீன் வலையில் கிடந்த ஈயம் அக்ரஹாரத்துக் கழுத்தில்! ஆற அமர அவற்றைப் புளி போட்டுத் தேய்த்து, கங்கா ஜலம் நாலு சொட்டு விட்டு, புளியங்கொட்டைகளுக்கு இடையில் மணியாகக் கோத்துவிட்டாள். மாலை கழுத்தில் பாந்தமாகப் படிந்தது.

இதையெல்லாம் அவள் ரகசியமாகச் செய்ததாக நினைக்க வேண்டாம். வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ரேழியில் கால் நீட்டி உட்கார்ந்துதான் செய்வாள். யார் கேட்டாலும் சொல்வாள்.

"மாமி, இது எப்போ பண்ணினது?"

"போன வாரம். புளியங்கொட்டையாக்கும்."

"ஓஹோ, புளியங்கொட்டை!" என்று சொல்லிவிட்டுக் கேட்டவள் தெருவில் இறங்கி வருவாள். என் மாமியார் அவளை மடக்குவாள். "என்ன சொன்னா?" "புளியங்கொட்டையாம்." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கில்ட்டு என்று சொல்லுகிறவளுக்கே நாலு பவுன் இருக்குமென்றால், புளியங்கொட்டை என்று சொல்லுகிறவளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

"கொலுப் பொம்மைக்கு ஒட்டற காக்காய்ப்பொன் மாதிரி இருக்கேம்மா" என்று நான் ஒருநாள் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன். "அதாண்டி சாமர்த்தியம். நீ பார்க்கணும்னே உன் முன்னாடி பண்ணறா. நீ அசடு, ஊரெல்லாம் போய்ச் சொல்லுவே. உள்ளே பொட்டியிலே இருக்கறதை உனக்குக் காட்டினாளோ?" என்றாள். காட்டவில்லைதான். இல்லாத பெட்டியை எப்படிக் காட்டுவாள்? என் மாமியார் இப்போது சொர்க்கத்தில் இருக்கிறாள். அங்கே யாருடைய கழுத்தை எடை போட்டுக்கொண்டிருக்கிறாளோ, தெரியாது.

கோயில் ஆறாட்டு ஊர்வலத்து நாளில் நடந்ததைச் சொன்னால்தான் இந்தத் தெருவின் புத்தி முழுதாக விளங்கும். மேற்குக் கோட்டை வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். யானை வருகிறது என்று எல்லோரும் எட்டிப் பார்க்கிற நேரத்தில் ஒருவன் மாமியின் கழுத்திலிருந்த காசுமாலையை அறுத்துக்கொண்டு ஓடினான். நாங்கள் எல்லோரும் "கள்ளன், கள்ளன்" என்று அலறினோம். மாமி மட்டும் கையைத் தட்டி அவனைக் கூப்பிட்டாள். "அடே, ஓடாதே! அது அரக்காக்கும், வெயில் பட்டா உருகிடும்! மூச்சு முட்டிச் செத்துவச்சுடாதே!" என்றாள். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு மடங்கு வேகமாக ஓடினான். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே, அவனுக்கும் அர்த்தம் தெரியும்.

போலீஸ்காரர் வந்தார். எத்தனை பவுன் என்று கேட்டார். "பவுனா? அரக்குத் துண்டும் காக்காய்ப்பொன்னும். விட்டுத்தள்ளும்" என்றாள் மாமி. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பேடிக்கண்டா அம்மா. ஞங்ஙள் ஆரோடும் பறயில்லா" என்றார். பயப்பட வேண்டாமாம், எவ்வளவு போயிற்று என்று வெளியே மூச்சு விடமாட்டாராம்! மாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே தெருவில் செய்தி பரவிவிட்டது. "அத்தனை தங்கம் போச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே! விட்டுத்தள்ளுன்னு சொல்லிட்டாளே! அப்படின்னா உள்ளே எவ்வளவு இருக்கணும்!" என்று வாயில் கைவைத்தாள் என் மாமியார். அதற்குப் பிறகு மாமாவுக்குக்கூடத் தெருவில் மரியாதை ஏறிவிட்டது. அவருடைய கிழிந்த குடையைப் பார்த்து, "பார்த்தேளா, எவ்வளவு எளிமை!" என்றார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அம்மிணிக்கு வரன் வருகிறவரை.

கரமனையிலிருந்து வந்தார்கள். பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், தங்கமான குணம், ஒரு தங்கை. அப்பா இல்லை. அம்மா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அந்த அம்மாளைச் சம்பந்தி மாமி என்றே சொல்லிவிடுகிறேன். ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டிருந்ததால் நான் காப்பித் தட்டோடு கதவோரம் நின்றேன். தெருவுக்குப் புரோகிதம் பண்ணுகிற வாத்தியார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். என் மாமியார் அழைக்காமலே வந்து நடுக்கூடத்தில் இருந்தாள்.

"பொண்ணுக்கு என்ன போடறதா உத்தேசம்?" என்று கேட்டாள் சம்பந்தி மாமி.

மாமி தன் கழுத்திலிருந்த புளியங்கொட்டை மாலையைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். "இதைப் போடறேன். வளை, தோடு, ஒட்டியாணம் எல்லாம் புதுசாப் பண்ணிப் போடறேன். ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன், கேட்டுக்கோங்கோ. இது புளியங்கொட்டை. மேலே காக்காய்ப்பொன். கனத்துக்கு வலை ஈயம். எங்காத்திலே தங்கம்னு இருக்கறது என் திருமாங்கல்யம் ஒண்ணுதான்."

சம்பந்தி மாமி மாலையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிக் கனம் பார்த்தாள். விழிஞ்ஞத்து ஈயம் தன் கடமையைச் செய்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "என்னத்துக்கு மாமி இவ்வளவு விஸ்தாரம்? நாங்களும் நாலு இடம் பார்த்தவாதான். புளியங்கொட்டைன்னா புளியங்கொட்டை. எங்களுக்கு அதுவே தாராளம்" என்றாள்.

"நெஜமாச் சொல்றேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன்."

"பின்னாடி ஒரு வார்த்தை வரப்படாது. பொண்ணு மாத்திரம்தான் அசல். மத்ததெல்லாம் புளி, மனசிலாச்சா?"

"நன்னா மனசிலாச்சு!" என்று சம்பந்தி மாமி சிரித்தாள். வாத்தியார் கண்ணை மூடி, "ஆஹா, என்ன விநயம்!" என்றார். என் மாமியார் பொறாமையில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளாமலே வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேன் அல்லோ? நீயும் கேட்டாய் அல்லோ?"

"தெளிவாச் சொன்னேள் மாமி."

"அவாளுக்கு விளங்கித்தா?"

அவள் பார்வை சன்னல் வழியாக எதிர்ச்சாரிக்குப் போயிற்று. அங்கே ஒரு வீட்டில், புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு திருப்பி அனுப்பப்பட்ட பெண் ஒருத்தி இருந்தாள். இத்தனை வளை குறைகிறது என்று அனுப்பினார்கள். கட்டியவன் வந்து அழைத்துப்போவான் என்று முதலில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் கூடத்தில் நின்றாள். நான் பார்க்கும்போது அண்ணன் மனைவிகளுக்கு அரைத்துக் கொடுத்துக்கொண்டு சமையற்கட்டிலேயே இருந்தாள். "அம்மிணிக்கு அந்தக் கதி வரப்படாது. அதுக்குத்தான் பளிச்சுனு சொல்லிட்டேன்" என்றாள் மாமி. சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள் பாவம். அவளுக்குத் தங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெருவைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. அம்மிணி உட்கார்ந்த இடம் ஜொலித்தது. கரமனைப் பெண்டுகள் வரிசையாக வந்து மாலையைத் தொட்டுப் பார்த்தார்கள். "சம்பந்தியாத்திலே என்ன செஞ்சா?" என்று கேட்டார்கள். சம்பந்தி மாமி முந்தானையால் வாயைப் பொத்தி, "என்னமோ, புளியங்கொட்டை மாலை ஒண்ணு போட்டா" என்றாள். கரமனை முழுவதும் வாய் பிளந்தது. புளியங்கொட்டை என்ற வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறதென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது போலிருக்கிறது. அப்புறம் யார் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதையே சொன்னாளாம்.

வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழை ஆரம்பித்ததும் கரமனைப் பக்கம் திருட்டுப் பயம் என்று பேச்சு எழுந்தது. சம்பந்தி மாமி காரியக்காரி. மருமகளின் நகைகளைக் கழற்றி வாங்கி, மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொல்லையில் வாழைக்கு அடியில் புதைத்துவிட்டாள். திருவனந்தபுரத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் அடித்த ஆணியே இலை விடும். சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், அவளுடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மருமகள் கழுத்திலிருந்து கழற்றி மகள் கழுத்தில் போட்டு அனுப்புவதென்று அவள் முதலிலேயே மனக்கணக்குப் போட்டிருந்தாள். அதற்காகத்தான் பானையைத் தோண்டினாள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மழை விட்டிருந்தது. வில்வண்டி ஒன்று மூலையாத்து வாசலில் வந்து நின்றது. முதலில் சம்பந்தி மாமி இறங்கினாள், இடுப்பில் பானை. பின்னால் அம்மிணி இறங்கினாள், கையில் அவளுடைய பெட்டி.

பெட்டியைப் பார்த்ததும் தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தால் எங்கள் தெருவில் தெரியாது. பெட்டியோடு ஒரு பெண் வந்து இறங்கினால் தெரிந்துவிடும்.

"பாருங்கோ! எல்லாரும் வந்து பாருங்கோ!" என்று சம்பந்தி மாமி பானையைக் கவிழ்த்தாள். ஈரமண்ணோடு மாலை வாசலில் விழுந்தது. கொட்டைகள் எல்லாம் முளைத்திருந்தன. துளை போட்ட வழியாகத் தண்ணீர் உள்ளே போய், ஒவ்வொன்றும் உப்பி வெடித்து, வெளுத்த தண்டை வளைத்துக்கொண்டு தலையைத் தூக்கியிருந்தது. சில தலைகளில் காக்காய்ப்பொன் இன்னும் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. நடுவே வலை ஈயம் கறுத்துக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மிணியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"இது புளியங்கொட்டை!" என்று கத்தினாள் சம்பந்தி மாமி.

என் மாமியார் முன்னால் வந்தாள்.

"ஆமாம், புளியங்கொட்டை. எங்களுக்கும் அதைத்தான் சொல்லுவா. அதுக்கென்ன இப்போ?"

"ஐயோ, நெஜமாவே புளியங்கொட்டை! மண்ணிலே பொதைச்சேன், முளைச்சுடுத்து!"

"தங்கத்தைப் பொதைச்சேள், முளைச்சுடுத்து?" என் மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எங்க பக்கத்து மண்ணிலே அப்படி முளைக்காது. கரமனை மண்ணு விசேஷமாக்கும்! உங்க பொண்ணுக்குக் கல்யாணமாமே? மாலை அங்கே போயாச்சு, முளை இங்கே வந்தாச்சு. கொள்ளாம், நன்னா இருக்கு!"

"நாமகூட ஒரு பிடி புளியங்கொட்டையை ஊறப்போட்டுச் சம்பந்தியாத்துக்குக் கொண்டுபோகலாமே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் தலையை ஆட்டி, "முழுப் பூசணிக்காயைச் சோத்திலே மறைக்கறதுன்னு கேட்டிருக்கேன். பவுன் மாலையைப் புளியங்கன்னிலே மறைக்கறதை இப்போதான் பார்க்கறேன்" என்றார்.

சம்பந்தி மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கேட்க வந்தவள், ஒரு நிமிஷத்தில் நகையை விழுங்கிய திருடி ஆகிவிட்டாள். கரமனையில் போய்ச் சொன்னாலும் இதே கதிதான். அங்கே தன் வாயாலேயே வீடு வீடாகப் புளியங்கொட்டை, புளியங்கொட்டை என்று சொல்லிவைத்திருக்கிறாள். இந்தப் பேச்சு மகளுக்குப் பார்த்திருக்கும் இடத்துக்குப் போனால் அந்தக் கல்யாணமும் நின்றுபோகும். அவள் திரும்பி மாமியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கோ. உங்க பொண்ணுமேல சத்தியமாச் சொல்லுங்கோ. நீங்க போட்டது தங்கமா?"

மாமி நிலைப்படியில் நின்றிருந்தாள். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மிணி நின்றாள். எதிர்ச்சாரி வீட்டின் சமையற்கட்டுச் சன்னலில் அந்தப் பெண்ணின் முகமும் தெரிந்தது. மாமி ஒன்றுமே சொல்லாமல் நின்றாலே போதும். தெரு அவள் கட்சி. சம்பந்தி வாய் செத்துப்போகும், பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொண்டு போவாள், கேள்வி கேட்க நாதியிருக்காது. சும்மா இரு மாமி, இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் எல்லாத் தெய்வத்தையும் வேண்டினேன்.

"அவா சொல்றது சத்தியம்" என்றாள் மாமி. "அவா எடுக்கலை. நான் போட்டது புளியங்கொட்டைதான். நிச்சயத்தன்னிக்கே சொன்னேன். அவா மேல பழி சொல்லாதேங்கோ."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போயிற்று, அம்மிணியின் வாழ்க்கை போயிற்று என்று நினைத்தேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் என் மாமியார் அழுதுகொண்டிருக்கிறாள்!

"பார்த்தேளா! சம்பந்தி இத்தனையையும் வாயிலே போட்டுண்டு வந்து நிக்கறா, அவளையும் விட்டுக்குடுக்காம மானத்தைக் காப்பாத்தறாளே! இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

"பொம்மனாட்டின்னா இவதான்" என்றார் வாத்தியார், அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்தபடி. தெரு மொத்தமும் உச்சுக் கொட்டியது. மாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஐயோ, நெஜமாச் சொல்றேன்!" என்றாள். "சொல்லுங்கோ, சொல்லுங்கோ. நீங்க வேற எப்படிச் சொல்லுவேள்!" என்றார்கள்.

சம்பந்தி மாமி இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன். உலகத்திலேயே அவள் திருடி இல்லை என்று நம்புகிற ஒரே ஆத்மா, யாரை வையலாமென்று வந்தாளோ அவள்தான். வேறு போக்கிடம் இல்லாமல் அவள் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

காப்பி கொண்டுபோகிற சாக்கில் நான் கொல்லை வழியாக நுழைந்தேன். சம்பந்தி மாமி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "என் பொண்ணுக்கு நான் இப்போ என்னத்தைப் போடுவேன்? நாள் வெச்சாச்சே!"

"நான் பண்ணித் தரேன்" என்றாள் மாமி. "ஆனா புளியங்கொட்டைன்னு சொல்லித்தான் போடணும்."

சம்பந்தி மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சொன்னா மாத்திரம் யார் நம்பப்போறா?" என்றாள். யோசித்துப் பார்த்து, கொஞ்சம் தெளிந்து, காப்பியையும் எடுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் மாமி. இவ்வளவு நேரம் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது, கொடகொடவென்று. "அம்மிணியை இனிமே பெட்டியோட இந்த வாசல்லே கொண்டுவந்து எறக்கப்படாது. தீபாவளிக்குக் கூட்டிண்டு வாங்கோ, பிரசவத்துக்கு அனுப்புங்கோ. பெட்டியை வெளியிலே வெச்சுத் துரத்தப்படாது. எனக்கு அதைத் தாங்கத் தெரியாது."

சம்பந்தி மாமி எழுந்துபோய் வாசலில் இருந்த பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "நாட்டுப்பொண்ணே, ஏறு" என்று மருமகளைக் கூப்பிட்டாள். அம்மிணி ஏறிக்கொண்டாள். பெரிய மனசுக்காரியின் பெண் என்பதால் அப்புறம் கரமனையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

வண்டி திரும்புவதற்குள் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். இருப்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, ஒரு படி புளியங்கொட்டையைக் கொட்டினாள். "என்ன பண்ணறேள் மாமி?" என்று கேட்டேன். "இந்தத் தடவை வறுத்துட்டுக் கோக்கப்போறேன். வறுத்தா முளைக்காது. இது எனக்கு முன்னாடியே தோணாமப் போச்சே" என்றாள். அவளுக்கு வந்த வருத்தம் அது ஒன்றுதான்.

பல வருஷம் கழித்து மாமி போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து பதின்மூன்றாம் நாள் சுபமும் ஆன பிறகு தெருப் பெண்டுகள் அம்மிணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்களாம். ஆனால் ஒவ்வொரு கண்ணும் தரையில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அம்மிணி உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்து நடுவில் திறந்துவைத்தாள். வறுத்த புளியங்கொட்டை, காக்காய்ப்பொன், அரக்கு, நாலு வலை ஈயம், ஒரு ஊசி.

"அம்மா வெச்சுட்டுப் போனது இவ்வளவுதான் மாமி" என்றாள்.

என் மாமியார் அவளுடைய கன்னத்தைத் தடவி, திருஷ்டி கழித்து விரலை நெரித்தாள். "சமத்து! அம்மா நன்னாச் சொல்லிக் குடுத்திருக்கா" என்றாள். அப்புறம் அவள் காதோரம் குனிந்து, ரொம்பப் பாசமாக, "அப்படியே சொல்லிண்டிரு. யார்கிட்டேயும் வாயை விட்டுடாதே" என்றாள்.

அம்மிணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதென்று இரண்டு பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம். சிரிப்பு நின்ற பிறகுதான் எங்களுக்கு அழுகை வந்தது.